கிட் வாங்கும் முன் தண்ணீரை அளந்து பாருங்கள்

மாடியில் மண்ணில்லா வளர்ப்பு தொடங்க ஆலோசனை கேட்டு வருகிற பலர் கையில் ஏற்கெனவே ஒரு கிட்டின் விலைப்பட்டியல் இருக்கும். பைப் எத்தனை அடி, பம்ப் எத்தனை வாட், எல்லாம் சொல்வார்கள். வீட்டுப் போர் தண்ணீரின் இசி (கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன்) எவ்வளவு என்று கேட்டால்தான் முழிப்பார்கள்.

சாலட் கீரையான லெட்யூஸுக்கு உரக்கரைசலின் இசி 1.2 முதல் 1.8 வரை (மில்லிசீமன்ஸ்/செ.மீ கணக்கில்) இருந்தால் போதும். சென்னையில் கடலை ஒட்டிய பகுதிகளில் உரமே கலக்காத போர் தண்ணீர் 2-ஐத் தாண்டுவதுண்டு. அதில் பெரும்பங்கு சோடியமும் குளோரைடும்தான். அதன்மேல் உரத்தையும் கலந்தால் இலை ஓரம் கருகும். கலக்காவிட்டால் செடி பட்டினி கிடக்கும். கரைந்த உப்பை பிபிஎம் கணக்கில் காட்டும் டிடிஎஸ் மீட்டரை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரே தண்ணீரை ஒரு மீட்டர் 1000 என்றும் இன்னொன்று 1400 என்றும் காட்டும். பழுதில்லை, இசியைப் பெருக்குகிற எண் ஒன்றில் 500, மற்றதில் 700. இசி மீட்டரே வாங்குங்கள். மழைநீர்த் தொட்டி இருந்தால் அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது. இல்லையென்றால் ஆர்ஓ தண்ணீர். (ஆர்ஓ கழிவுநீரை அல்ல, அதையும் ஊற்றிப் பார்க்கிறார்கள்.)

உரத்துக்கு, தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 போதுமா என்பது அடுத்த கேள்வி. போதாது. அதிலுள்ள தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியா. மண்ணில் நுண்ணுயிர்கள் அதை மாற்றிக் கொடுக்கும். புதுத் தொட்டியில் அந்த வேலைக்கு ஆளில்லை. கால்சியமும் அதில் கிடையாது. ஏ, பி என்று இரண்டு கேன்களாக விற்பதற்கும் காரணம் உண்டு: கால்சியம் நைட்ரேட்டை சல்பேட், பாஸ்பேட்டோடு அடர்கரைசலாகச் சேர்த்தால் வெள்ளையாகத் திரிந்து அடியில் தங்கிவிடும். ஒன்றைத் தொட்டித் தண்ணீரில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றதை ஊற்ற வேண்டும். கரைசலின் பிஎச் (அமில-கார அளவு) 5.5 முதல் 6.5க்குள் இருக்கட்டும்.

பத்து மடங்கு விளைச்சல் என்ற விளம்பரம் புதிதல்ல, 1930களிலேயே உண்டு. அதைச் சோதித்த கலிபோர்னியா விஞ்ஞானிகள் ஹோக்லண்டும் ஆர்னனும், நல்ல மண்ணில் விளைவதைவிடப் பெரிதாக ஒன்றும் கூடவில்லை என்று 1938-லேயே எழுதிவிட்டார்கள். தண்ணீர் மிச்சமாகும், இடம் மிச்சமாகும். அதற்காகச் செய்யுங்கள்.

நம் ஊர் வெயில் தனிக் கதை. 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் 7.5 தான். ஆக்சிஜன் குறைந்தால் வேர் பலவீனமாகி எளிதில் அழுகும். வேர் பழுப்பாகி வழவழத்தால் பித்தியம் என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிரால் வரும் அழுகலைச் சந்தேகியுங்கள். தொட்டி நிழலில் இருக்க வேண்டும், ஒளி புகாததாக இருக்க வேண்டும். பைப்பில் மெல்லிசாகத் தண்ணீர் ஓடும் என்எஃப்டி முறையில், மே மாத மதியத்தில் மின்சாரம் போனால் செடி சீக்கிரமே துவண்டுவிடும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு நான் அதைச் சொல்வதே இல்லை. மூடியுள்ள ஆழமான பெட்டியில் ஏர் பம்ப் வைத்து, கோடையில் லெட்யூஸை விட்டுப் பசலைக்கு மாறச் சொல்கிறேன்.