பிள்ளை பார்க்கும் பக்கம் நாமும் பார்த்தால்

ஓட்டிசம் உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் நாள் முழுக்கக் கேள்விதான். இது என்ன நிறம், இது என்ன மிருகம், சொல்லுங்கோ பாப்பம். பின்னேரம் கனடாவில் இருந்து வீடியோ கோல் வந்தால் "மாமாக்கு ஹலோ சொல்லுங்கோ" என்று அது வேறு. எப்படியாவது கதைக்க வைக்க வேண்டும் என்ற தவிப்பு எனக்கு நன்றாக விளங்குகிறது, ஆனால் பேச்சு வளர்கிற வழி இதுவல்ல.

பொதுவாகக் குழந்தைகள் 9 மாதத்துக்கும் 15 மாதத்துக்கும் இடையில் ஒரு விஷயத்தைப் பழகிவிடுவார்கள்: அம்மா பார்க்கும் பக்கம் தாங்களும் பார்ப்பார்கள், மதிலில் காகத்தைக் கண்டால் விரல் நீட்டி அம்மாவுக்குக் காட்டுவார்கள். இரண்டு பேரின் கவனமும் ஒரே இடத்தில் இருக்கும்போது அம்மா "காகம்" என்றால், சொல் காகத்தோடு ஒட்டிக்கொள்ளும். இதை இணைக் கவனம் என்பார்கள். ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு இது பிந்தித்தான் வரும், அல்லது வேறு மாதிரி வரும்.

ஏன் அப்படி? 2005இல் ஆய்வாளர் டைனா மறேயும் இன்னும் இரண்டு பேரும் முன்வைத்த ஒரு கோட்பாடு உண்டு: இவர்களின் கவனம் பல பக்கம் பிரியாமல் ஒரு விஷயத்துக்குள்ளேயே முழுதாக இறங்கிவிடுகிறது, அங்கிருந்து வெளியே வருவது பெரிய பாடு. படலைக் கொண்டியைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டு நிற்கும் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். குசினியில் இருந்து "இஞ்ச வாங்கோ, இது என்ன நிறம்?" என்று கூப்பிட்டால் அவன் கொண்டியை விட வேண்டும், திரும்ப வேண்டும், கேள்வியை விளங்க வேண்டும், சொல்லைத் தேட வேண்டும், இத்தனையும் ஒரே நேரத்தில். அதற்குப் பதிலாக நீங்களே போய் அவன் முகம் தெரிகிற மாதிரிப் பக்கத்தில் குந்தி, கொண்டி விழும்போது "டக்!" என்றோ "பூட்டியாச்சு" என்றோ சொன்னால், கவனம் ஏற்கனவே இருக்கிற இடத்துக்கே சொல் வந்துவிடுகிறது. அப்புறம் பேசாமல் இருங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். இந்தக் காத்திருப்புத்தான் கஷ்டமான பகுதி, எங்களுக்குச் சும்மா இருக்க வராது. அவன் கையை நிறுத்தி உங்களைப் பார்க்கலாம், ஒரு சத்தம் போடலாம், உங்கள் கையை இழுத்துக் கொண்டியில் வைக்கலாம். அதெல்லாம் அவன் கதைக்கிற விதம்தான், உடனே பதில் கொடுங்கள். கண்ணைப் பார் என்று தாடையைப் பிடித்துத் திருப்ப வேண்டாம்.

இது வெறும் அபிப்பிராயம் இல்லை. இங்கிலாந்தில் ஜொனதன் கிறீன் தலைமையில் 152 பிள்ளைகளோடு செய்த ஆய்வில், ஒரு பகுதிப் பிள்ளைகளின் பெற்றோர் அவர்களோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, பிறகு சிகிச்சையாளரும் பெற்றோருமாக அதைப் போட்டுப் பார்த்தார்கள். 2010இல் வந்த முடிவில் பெற்றோர் பதில் கொடுக்கும் விதம் நன்றாக மாறியிருந்தது, பிள்ளைகள் தாங்களாகத் தொடர்பைத் தொடங்குவதும் கூடியிருந்தது, ஆனால் ஓட்டிச அறிகுறிகளில் பெரிய வித்தியாசம் இல்லை. சுமார் 6 வருடம் கழித்து அதே பிள்ளைகளைப் பார்த்தபோது அறிகுறிகளின் கடுமையும் ஆய்வில் இந்தப் பயிற்சி கிடைக்காத மற்றப் பிள்ளைகளை விடக் குறைவாக இருந்தது. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளோடு இதையே, நிபுணர்கள் அல்லாத சுகாதாரப் பணியாளர்களைப் பழக்கிச் செய்து பார்த்தார்கள். அங்கும் பிள்ளைகள் தாங்களாகத் தொடங்குவது கூடியது. சிகிச்சையாளரிடம் ஒரு திகதி கிடைக்கக் காத்திருக்கும் எங்களுக்கு இது பெரிய செய்தி.

"இங்கிலீஷில மட்டும் கதையுங்கோ, இரண்டு பாஷை குழப்பும்" என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் இந்தப் பிள்ளைகளின் பேச்சு பின்தங்குவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. தவிர, கொண்டி விழும் அந்த நொடியில் வாயில் தானாக வருவது தமிழ்தானே.

காது கேட்கும் பரிசோதனை செய்யாவிட்டால் அதை முதலில் செய்யுங்கள், வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடமே கேட்கலாம். அப்புறம், ஒரு நாள் நீங்கள் பிள்ளையோடு விளையாடுவதை ஐந்து நிமிடம் போனில் எடுக்கச் சொல்லி, இரவு பிள்ளை படுத்த பிறகு போட்டுப் பாருங்கள். நீங்கள் கேட்ட கேள்விகள் எத்தனை, பிள்ளை உங்கள் பக்கம் திரும்பியும் நீங்கள் கவனிக்காமல் விட்ட தருணங்கள் எத்தனை என்று எண்ணுங்கள்.