டின் ஓரத்தில் வழிந்து காய்ந்த துளி

லேபிள் உரிந்துபோன கான்கிரீட் சீலர் (கான்கிரீட்டில் ஈரம் இறங்காமல் இருக்கப் பூசும் திரவம்) டின் ஒன்று மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது, ஆட்டினால் உள்ளே ஏதோ தளும்புகிறது. உடனே மூடியைத் திறந்து மோந்து பார்க்காதீர்கள். முதலில் டின்னின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். கடைசியாக ஊற்றியபோது ஓரத்தில் வழிந்த துளி பெரும்பாலும் அங்கேயே காய்ந்திருக்கும், பாதிக் கதையை அதுவே சொல்லிவிடும். சீலர் என்ற ஒரே பெயரில் விற்றாலும் ஒவ்வொன்றும் இறுகுகிற விதம் வேறு, ஆபத்தும் அதைப் பொறுத்ததுதான்.

குச்சியால் சுரண்டும்போது துளி கண்ணாடித்தாள் மாதிரி உரிந்து வந்தால் பெரும்பாலும் அக்ரிலிக். இதில் தண்ணீரில் கரைத்தது, தின்னரில் கரைத்தது என்று இரண்டு உண்டு. தூக்கிப்போடப்போகும் கோப்பையில் தண்ணீர் எடுத்து, வெட்டவெளியில் வைத்து, ஒரு சொட்டு விடுங்கள்: பால் மாதிரி பரவினால் முதல் வகை, அதிகப் பயமில்லை. எண்ணெய் மாதிரி மேலே மிதந்தால் இரண்டாவது. அதில் சைலீன், டொலுயீன் போன்றவை இருக்கும். டொலுயீன் 4 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிட 3 மடங்கு கனம் என்பதால் மேலே போகாமல் தரையோடு தரையாக ஊர்ந்துபோய் அடுத்த அறையில் எரியும் அடுப்பைக்கூடத் தொட்டுவிடும், அதனால் உயரத்தில் இருக்கிற ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. தூசிக்குப் போடும் முகக்கவசம் இந்த ஆவியைத் துளியும் தடுக்காது. கரிம ஆவிக்கான கரி வடிகட்டி வைத்த கவசம்தான் வேண்டும்.

துளி வெள்ளையாக உப்புப் பூத்தது போல இருந்தால் சிலிக்கேட். இது மேலே படலமாக நிற்காது. கான்கிரீட்டுக்குள் இறங்கி, அங்குள்ள கால்சியம் ஹைட்ராக்சைடோடு சேர்ந்து, சிமெண்டைப் பிடித்துவைத்திருக்கிற அதே வகைப் பொருளாக மாறித் துளைகளை அடைக்கிறது. எரியாது, வாடையும் கிடையாது, அதனாலேயே பலர் இதைத் தண்ணீர் மாதிரி கையாள்கிறார்கள். ஆனால் கடும் காரம். கண்ணில் பட்டால் விளையாட்டில்லை, ஜன்னல் கண்ணாடியில் காய்ந்தால்கூட அந்தத் தடம் துடைத்தாலும் போகாது. தரை கழுவ வாங்கிய ஆசிட் பக்கத்திலேயே இருந்தால் அதைத் தனியே நகர்த்துங்கள், ப்ளீச்சுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். அவை இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும்.

வழிந்த இடத்தில் பெரிதாக எதுவுமே மிஞ்சவில்லையா? சிலேன் வகையாக இருக்கலாம். ஈரத்தோடு வினைபுரிந்து ஆல்கஹால் விடும், ஆகவே இதையும் நெருப்பிலிருந்து தள்ளியே வையுங்கள்.

துளி எத்தனை நாளானாலும் தேன் மாதிரி பிசுபிசுவென்றே இருந்தால் எபாக்சி ரெசின். ஹார்டனர் என்ற இறுக்கும் திரவம் சேராமல் அது காயவே காயாது, அதன் ஜோடி டப்பா பக்கத்தில் எங்காவது இருக்கும். மீந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து கல்லாக்கிவிட்டுக் குப்பையில் போடலாமே என்று நானும் ஒருமுறை புத்திசாலித்தனம் காட்டினேன். பிளாஸ்டிக் கோப்பை நிறைய கலந்தேன், கொஞ்ச நேரத்தில் கோப்பை வளைந்து புகையே வந்துவிட்டது. தரையில் மெல்லியதாகப் பூசும்போது வெளியேறிவிடுகிற வெப்பம், கோப்பையில் குவிந்து கிடக்கும்போது போக வழியில்லாமல் தன்னையே மேலும் சூடாக்கிக்கொள்கிறது. ஹார்டனர் தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம், ஒருமுறை வந்தால் பெரும்பாலும் விடாது. நைட்ரைல் கையுறை போடாமல் தொடாதீர்கள்.

துளிக்குள் குமிழி குமிழியாக இருந்தால் எச்சரிக்கை, அது பாலியூரித்தேனாக இருக்கலாம். அதிலுள்ள ஐசோசயனேட் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து இறுகும்போது கரியமில வாயு விடுகிறது, குமிழி அதன் அடையாளம். உள்ளே கொஞ்சம் ஈரம் போன டின்னை இறுக்கி மூடினால் வாயு தேங்கி மூடி உப்பும். உப்பிய டின்னைத் திறக்கவும் வேண்டாம், குத்தவும் வேண்டாம். நிழலான வெளியிடத்தில், ஆள் நடமாட்டமில்லாமல் வைத்துவிட்டு அபாயக் கழிவு சேகரிப்பவர்களுக்குச் சொல்லுங்கள்.

லேபிளில் ஒரு துண்டு மிஞ்சியிருந்தாலும் இந்தச் சோதனையெல்லாம் வேண்டியதில்லை. ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் ஓர் அடையாள எண் (CAS எண்) உண்டு: 108-88-3 என்ற எண் இருந்தால் டொலுயீன், 1330-20-7 என்றால் சைலீன். பொருளின் பெயர் தெரிந்தால் தயாரிப்பாளர் தரும் பாதுகாப்புத் தாளை (SDS) தேடி எடுத்து அதன் 2-ஆம் பகுதியைப் படித்தால் போதும், ஆபத்து என்னவென்று அங்கே இருக்கும்.

அப்புறம், எதையும் சாக்கடையில் ஊற்றாதீர்கள். தண்ணீரில் கரைத்த அக்ரிலிக் கொஞ்சம்தான் மிச்சம் என்றால் மணலில் கலந்து காயவிட்டுக் குப்பையில் சேர்க்கப் பெரும்பாலான இடங்களில் அனுமதி உண்டு. மற்றதெல்லாம் அபாயக் கழிவுக்குத்தான் போக வேண்டும், அதுவும் அதனதன் டப்பாவிலேயே. இடத்தை மிச்சப்படுத்தலாமென்று நான்கு டின்னை ஒரு வாளியில் ஊற்றினால், உள்ளே எதோடு எது சேர்ந்து என்ன ஆகிறதென்று வாங்கிக்கொள்பவருக்கும் தெரியாது.