மியூல் அக்கவுண்ட் – இரவல் கணக்கு

மோசடிப் பணத்தை வாங்கி உடனே அடுத்த கைக்குத் தள்ளிவிட, இன்னொருவர் பெயரில் பயன்படுத்தப்படும் வங்கிக் கணக்குக்குத்தான் இந்தப் பெயர். ‘மியூல்’ கோவேறு கழுதை, மூலம் இலத்தீன். எல்லை தாண்டிப் போதைப்பொருள் சுமக்கும் கூலியாளை ஆங்கிலத்தில் அப்படி அழைத்தார்கள். பின்னர் பணம் சுமப்பவருக்கும் அது ஒட்டிக்கொண்டது.

தமிழில் ‘போலிக் கணக்கு’ என்று எழுதுவது தவறு. ஆதார், பான், கையெழுத்து எல்லாமே அசல். வங்கிச் சோதனையில் அது தப்புவதே அதனால்தான். ‘பினாமி’ சொத்தை ஒளித்துவைப்பது. இங்கே பணம் தங்குவதேயில்லை. ‘வாடகைக் கணக்கு’ கமிஷன் வாங்கியவருக்குப் பொருந்தும், வேலை என்று நம்பிக் கொடுத்து ஏமாந்தவருக்குப் பொருந்தாது. ‘இரவல் கணக்கு’ இருவருக்கும் பொருந்துகிறது.

ஆள்பிடிப்பு டெலிகிராமிலும் இன்ஸ்டாகிராமிலும் நடக்கிறது: ‘வீட்டிலிருந்தே வருமானம், கணக்கு மட்டும் போதும்.’ பாஸ்புக், ஏடிஎம் கார்டு, நெட்பேங்கிங் பாஸ்வேர்டு, கணக்கோடு இணைந்த சிம் ஆகியவற்றை மொத்தமாக வாங்கிக்கொள்வார்கள். சிம் போனால் ஓடிபியும் போயிற்று. என்ன வந்தது, எங்கே போனது என்று கணக்குக்காரருக்கே தெரியாது. விழுந்த தொகை சில நிமிடங்களில் பல கணக்குகளாகப் பிரிந்து, கடைசியில் ஏடிஎம்மில் ரொக்கமாகவோ கிரிப்டோவாகவோ வெளியேறும்.

சட்டம் தடுமாறும் இடமும் இதுதான். ஆள்மாறாட்ட மோசடிக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. வெளிநாட்டிலிருந்து செய்தாலும் 75-ஆம் பிரிவு பாயும். ஆனால் விளம்பரம் போட்டவர் வேறு நாட்டில், இன்னொருவர் சிம்மில், இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன்னுக்குப் பின்னால் இருக்கிறார். இன்ஸ்டாகிராம் போன்ற அமெரிக்க நிறுவனத்திடம் உரையாடலின் உள்ளடக்கத்தைப் பெற, இரு நாட்டுச் சட்ட உதவி ஒப்பந்தத்தின் வழியே போக வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும். சைபர் குற்றங்களுக்கான பன்னாட்டு ஒப்பந்தமான புடாபெஸ்ட் உடன்படிக்கையில் இந்தியா சேரவும் இல்லை. உள்ளூரிலோ, அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 78-ஆம் பிரிவின்படி இன்ஸ்பெக்டருக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்கலாம். கடைசியில் கைக்கு எட்டுவது பெயரும் முகவரியும் தெரிந்த இரவல் கணக்குக்காரர். வழக்கில் முதலில் குற்றம்சாட்டப்படுபவரும் பெரும்பாலும் அவரே. இது வேதனையான நிலை.

பணம் இழந்தவர் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும். யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைக் கையில் வைத்திருங்கள். அதைக் கொண்டுதான் வங்கி வங்கியாகத் தொடர்ந்து, மிச்சமிருக்கும் தொகையை முடக்குகிறார்கள். மோசடிக்காரரின் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் மட்டும் போதாது. பெயரை நொடியில் மாற்றிவிடுவார்கள், லிங்க்கையும் சேமியுங்கள். கோபத்தில் அவரோடு நடந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள்.

கணக்கை ஏற்கெனவே இரவல் கொடுத்திருந்தால், கார்டையும் நெட்பேங்கிங்கையும் இன்றே முடக்கச் சொல்லி வங்கிக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். சிம்மையும் நிறுத்திவிட்டு, காவல்துறையில் நீங்களே முதலில் புகார் கொடுங்கள்.