சிம்ப்ளிஸ்டிக் வேறு, எளிமை வேறு

கடலூர் வெள்ளம் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றின் தமிழாக்கத்தில் இப்படி ஒரு வரி: "மழை அதிகம், அதனால் வெள்ளம் என்பது எளிமையான விளக்கம்." மூலத்தில் இருந்த சொல் சிம்ப்ளிஸ்டிக். எழுதியவர் அந்த விளக்கத்தைக் குறை சொல்கிறார். தமிழில் படிப்பவருக்கோ பாராட்டுவதுபோல் தெரிகிறது. இந்தக் கூத்தை இன்னும் எத்தனை இடத்தில்தான் பார்ப்பது?

சிம்பிள், லத்தீன் சிம்ப்ளெக்ஸிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. 'ஒரே மடிப்பு' என்பது அடிப்பொருள். சிம்ப்ளிஸ்டிக் 19ஆம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்த சொல். சிக்கலான ஒன்றின் சிக்கலையே கழற்றிவிட்டுச் சுருக்குவதை இன்று அது குறிக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்குக் குழப்பமே வராது. அவர்களுடைய சிம்ப்ளிஸ்த் எப்போதும் குறைதான். ஆகவே நண்பர் வரைந்த படத்தைப் புகழ நினைத்து, "யுவர் டிசைன் இஸ் சிம்ப்ளிஸ்டிக்" என்று எழுதிவிடாதீர்கள். அங்கே சிம்பிள் போதும். 'டூ சிம்ப்ளிஸ்டிக்' என்பதும் கேட்டுக்கதவு மாதிரிதான். 'மிகை' சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

சரி, தமிழில் என்ன? 'எளிமைவாத' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. வாதம் என்றால் ஒருவர் தெரிந்தே பிடித்துக்கொண்ட கொள்கை. டீக்கடையில் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்பவருக்கு ஏது கொள்கை? அதோடு, எளிமைவாதி என்றதும் கதர்ச் சட்டையும் கூரை வீடும்தான் நினைவுக்கு வருகின்றன. 'மிகை எளிமை'யிலும் அதே கோளாறு. காமராசரைப் பற்றிச் சொல்வதுபோல் இருக்கிறது. எளிமை நமக்கு நல்ல குணம். அதன் முன்னால் எதை ஒட்டினாலும் புகழ்ச்சி போகாது. 'மேலோட்டமான' பரவாயில்லை, ஆனால் அது ஆழம் போகாததைச் சொல்கிறது. இப்படிச் சுருக்கி விளக்குகிறவர்கள் சில சமயம் ஒரே இடத்தில் நன்றாகவே ஆழமாகத் தோண்டுகிறார்கள், பக்கத்தில் பார்ப்பதில்லை.

என் தேர்வு 'தட்டையான'. தட்டையான விளக்கம், தட்டையான பார்வை. மேடு பள்ளத்தை மறைத்துவிட்டது என்ற குறை அதிலேயே இருக்கிறது. வெள்ளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு எல்லாம் இந்த மாவட்டத்தில்தான் கடலில் கலக்கின்றன. எங்கோ மேற்கே பெய்த மழையும் இங்கே வந்துதான் வடிய வேண்டும். முகத்துவாரம் மண்மூடினால் வடியாது. வாய்க்காலில் வீடு கட்டினாலும் வடியாது. இத்தனையையும் 'மழை அதிகம்' என்று நசுக்குவது தட்டைதான்.

வள்ளுவர் 'எளிதென இல்லிறப்பான்' என்கிறார் (குறள் 145). எளிது என்று எண்ணிப் பிறன் மனைவியிடம் நெறி தவறுகிறவன், அதாவது எளிதல்லாததை எளிது என்று எண்ணுகிறவன் அவன். அந்த 'என' ஒன்றே போதுமாக இருந்திருக்கிறது. நம் மொழிபெயர்ப்பாளர்களோ அகராதியின் முதல் பொருளோடு நின்றுவிடுகிறார்கள், இல்லையென்றால் வாதம், இயம் என்று வால் ஒட்டுகிறார்கள். ஊரில் யாரையாவது கேட்டிருந்தால், "அது ஒண்ணும் அவ்வளவு லேசுப்பட்டது இல்லைங்க" என்று சொல்லியிருப்பார்கள்.