டயாலிசிஸ்: சுத்திகரிப்பா, பிரிப்பா?

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குச் செய்யும் டயாலிசிஸைக் குறிக்க ‘இரத்தச் சுத்திகரிப்பு’ என்று அச்சிட்ட கையேடு ஒன்று சென்ற வாரமும் என் கைக்கு வந்தது. சென்னைவாசிக்குச் சுத்திகரிப்பு என்றால் மணலி எண்ணெய் ஆலையும் கழிவுநீர் நிலையமுமே நினைவுக்கு வரும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அச்சொல் நோயாளியின் சாப்பாட்டில் கைவைப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கிரேக்கத்தில் ‘டயா’ என்றால் ஊடாக, ‘லைசிஸ்’ என்றால் தளர்த்திப் பிரித்தல். 1861இல் வேதியியலாளர் தாமஸ் கிரஹாம் இச்சொல்லை வேதியியலில் புகுத்தினார். 1940களில் டச்சு மருத்துவர் வில்லெம் கோல்ஃப் செய்த செயற்கைச் சிறுநீரகத்தால் அது மருத்துவமனைக்கு வந்தது.

சுத்திகரிப்பு என்றதும் அழுக்கு போகும், நல்லது தங்கும் என்று நம்பிவிடுகிறோம். டயாலிசிஸ் கருவியில் இரத்தம் நுண்துளைச் சவ்வொன்றை ஒட்டி ஓடுகிறது. அந்தச் சவ்வுக்கு நல்லது கெட்டது தெரியாது. துளையில் நுழையுமா நுழையாதா என்பதே அதன் கணக்கு. கழிவான யூரியாவின் மூலக்கூறு எடை 60. புரதத்தை ஆக்கும் அமினோ அமிலங்களுக்கு 75 முதல் 204 வரை. இரத்தப் புரதமான அல்புமினுக்கோ ஏறத்தாழ 66,000. ஆகவே அல்புமின் தங்கிவிட, அமினோ அமிலங்கள் யூரியாவுடனேயே வெளியேறுகின்றன. நான்கு மணி நேரச் சிகிச்சை ஒன்றில் இந்த இழப்பு ஏறக்குறைய 6 முதல் 12 கிராம். போதாததற்கு, அந்நேரத்தில் தசைப்புரதமும் கூடுதலாகச் சிதைகிறது. அதனால்தான், டயாலிசிஸுக்கு முன்பு புரதத்தைக் குறைக்கச் சொன்ன மருத்துவரே, தொடங்கியபின் நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதமும் 25 முதல் 35 கிலோகலோரி ஆற்றலும் வேண்டும் என்கிறார். ஆற்றல் போதாவிட்டால் உண்ட புரதமே எரிபொருளாகிவிடும்.

கீழ்ப்பாக்கத்தில் உறவினர் வீடொன்றில், சிகிச்சை முடிந்து வந்தவரின் தட்டிலிருந்து அவித்த முட்டையை அவர் மனைவி எடுத்துவிட்டார். “இப்பதான் ரத்தத்த சுத்தம் பண்ணிட்டு வந்திருக்காரு, மறுபடி எதுக்கு அழுக்கு சேக்கணும்?” என்றார். சுத்திகரிப்பு என்ற சொல்லை நம்பினால், அவர் வாதத்தில் பிழையே இல்லை.

பாடநூல் வழங்கும் ‘கூழ்மப்பிரிப்பு’, நீர்மத்தில் மிதக்கும் பெருந்துகள்களான கூழ்மத்தைச் சவ்வால் பிரித்துக்காட்டிய கிரஹாமுக்கு விசுவாசமானது. ஆனால் ஆடி மாதத்துக் கூழ் நினைவில் நிற்கும் ஊரில், கூழ்மம் இன்னதென்று நோயாளிக்கு யார் விளக்குவது? ‘ரத்தம் மாத்துறாங்க’ என்ற தெருவழக்கோ முழுத்தவறு. ஓடிய இரத்தமே உடலுக்குத் திரும்புகிறது. ‘சவ்வூடு பரவல்’ என்பதைப் பள்ளிப்பிள்ளைகளே அறிந்திருக்க, அதன் உடன்பிறப்பாகச் ‘சவ்வூடு பிரிப்பு’ என்பதே எனக்குத் தெளிவாகப் படுகிறது. பேச்சில் டயாலிசிஸ் என்றே இருக்கட்டும், அதில் எனக்கு வழக்கில்லை.

கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ‘புரத ஆற்றல் வீணடிப்பு’ என்றொரு தலைப்பு. தசையும் சேமிப்பும் கரையும் நிலைக்கு ஆங்கிலத்தில் உள்ள ‘வேஸ்டிங்’ இங்கே வீணடிப்பாகி, நோயாளி ஏதோ ஊதாரித்தனம் செய்துவிட்டார் என்ற தொனியைத் தருகிறது. மெலிவு என்பதும் பொருந்தாது. உடலில் நீர் தேங்குவதால் எடை இறங்காமலே தசை கரைவதுண்டு. ‘நலிவு’ என்ற பழஞ்சொல் இருக்கிறது. மொழிபெயர்த்தவர் அகராதியில் இரண்டாவது பொருள்வரை இறங்கியிருந்தால் அது அகப்பட்டிருக்கும்.