நட் இறுகினால் போதாது, வீல் இறுக வேண்டும்

அலாய் வீல் மாற்றிய கார்களும், வீலைக் கொஞ்சம் வெளியே தள்ளி வைக்க இடையில் ஸ்பேசர் என்ற தட்டு போட்ட கார்களும் புதுச்சேரியில் இப்போது நிறைய ஓடுகின்றன. கடலூர் சாலையில் வீல் அலைன்மென்ட் பட்டறை நடத்துகிறவன் என்பதால் அடிக்கடி அவற்றைக் கழற்றிப் பார்க்கிறேன். வீலின் டிசைனைப் பற்றியும் டயர் அகலத்தைப் பற்றியும் விவரமாகப் பேசுகிறவர்கள், அந்த வீலைக் காரோடு பிடித்து வைத்திருக்கும் ஸ்டட்டை, அதாவது நட் ஏறுகிற மரை போட்ட தண்டைப் பற்றிக் கேட்பதே இல்லை. ஸ்பேசர் விற்கிறவரும் பல நேரம் சொல்வதில்லை. உயிர் போகிற விஷயம் என்பதால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

வீல் ஸ்டட்டின் மேல் தொங்கிக்கொண்டிருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நட்டை இறுக்கும்போது ஸ்டட் மிகச் சிறிதளவு இழுபட்டு நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும் அந்த இழுவிசைதான் வீலை ஹப்பின் (ஸ்டட்கள் பதிந்திருக்கும், வீலோடு சுழலும் நடுப்பகுதி) முகத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. பிரேக் போடும்போதும் வளைவில் திரும்பும்போதும் வருகிற விசையில் பெரும்பங்கை அந்த அழுத்தத்தின் உராய்வு தாங்கிக்கொள்கிறது. அழுத்தம் குறைந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாத அளவில் வீல் அசையும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்டட் வளைந்து நிமிரும். ஒரு கட்டத்தில் விரிசல் விட்டு ஒடியும்.

இப்போது ஸ்பேசருக்கு வருவோம். மாருதி கார்களில் பொதுவாக 12 மி.மீ. ஸ்டட், மரைக்கு மரை 1.25 மி.மீ. ஹூண்டாய், ஹோண்டா கார்களில் பெரும்பாலும் அதே 12 மி.மீ. தடிமன், ஆனால் மரை இடைவெளி 1.5. நட்டுக்குள் ஸ்டட்டின் தடிமன் அளவுக்காவது மரை ஏறியிருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் அடிப்படைக் கணக்கு. அதாவது 1.5 மரையில் 8 முழுச் சுற்று, 1.25 மரையில் கிட்டத்தட்ட 10 சுற்று. கம்பெனி ஸ்டட்டிலேயே 5 மி.மீ. ஸ்பேசர் போட்டால் மாருதியில் அப்படியே 4 சுற்று போய்விடும். மிச்சமிருக்கிற மரையில் நட் இறுகத்தான் செய்யும், கைக்கு வித்தியாசமும் தெரியாது. ஆனால் பாரம் முழுவதும் அந்தக் கொஞ்ச மரையின் மேல். வீலை மாட்டி, நட்டைக் கையாலேயே கடைசி வரை ஓட்டி, எத்தனை சுற்று ஏறுகிறது என்று எண்ணிப் பாருங்கள். எந்தக் கருவியும் தேவையில்லை. எண்ணிக்கை குறைந்தால் அந்த வண்டிக்கு நீள ஸ்டட் வேண்டும், இல்லையென்றால் ஸ்பேசரைக் கழற்ற வேண்டும்.

சரி, நீள ஸ்டட் வாங்கப் போகிறோம். கடையில் எல்லாரும் கேட்பது நீளத்தை மட்டும்தான். அதைவிட முக்கியம் தலைக்குக் கீழே பல் பல்லாக இருக்கும் பகுதி. ஹப்பில் ஸ்டட் சுற்றாமல் பிடித்துக்கொள்வது அந்தப் பல்லால்தான். அது துளையைவிட மயிரிழை அளவு பெரிதாக இருக்க வேண்டும். சிறிதாக இருந்தால் நட்டோடு சேர்ந்து ஸ்டட்டும் சுற்றும், அப்புறம் வீலைக் கழற்றவே முடியாது. மிகப் பெரிதாக இருந்தால் ஹப்பின் துளை நசுங்கும், விரிசல்கூட விடலாம். பல் பகுதியின் நீளமும் ஹப்பின் தடிமனைத் தாண்டக் கூடாது, தாண்டினால் பிரேக் டிஸ்க் சரியாக உட்காராது. ஆகவே பழைய ஸ்டட் ஒன்றைக் கழற்றி, வெர்னியர் அளவுகோலில் அளந்து, அதோடு கடைக்குப் போவதுதான் சரி. தரத்துக்கு, எஃகின் வலிமையைச் சொல்லும் 10.9 என்ற குறியைத் தலையில் தேடுங்கள். குறி இல்லாத ஸ்டட்டை நான் போடுவதில்லை. லேத்தில் சாதாரண கம்பியில் மரை வெட்டித் தருவதாகவோ, பழைய ஸ்டட்டில் துண்டு வைத்து வெல்டிங் அடித்துத் தருவதாகவோ யாராவது சொன்னால் வேண்டவே வேண்டாம். வெல்டிங் சூட்டில் அந்த எஃகுக்குக் கொடுத்த பதம் போய்விடும்.

பொருத்துவதில்தான் பட்டறைக்குப் பட்டறை வேலை மாறுகிறது. பழைய ஸ்டட்டைச் சுத்தியலால் ஓங்கி அடித்து வெளியேற்றினால் அடி முழுவதும் வீல் பேரிங்குக்குப் போகும். சில வாரத்தில் உறுமல் சத்தம் கேட்கும். அழுத்தித் தள்ளும் கருவியோ பிரஸ்ஸோ வேண்டும். சில கார்களில் பின்பக்கம் நீள ஸ்டட்டை நுழைக்க இடமே இருக்காது, ஹப்பையே கழற்ற வேண்டியிருக்கும். அங்கே கூலி கூடும். அதை மிச்சப்படுத்த ஸ்டட்டின் தலையைத் தேய்த்து நுழைக்கச் சொல்லாதீர்கள்.

புது ஸ்டட்டை வாஷர்கள் அடுக்கி, ஒரு பழைய நட்டைப் போட்டுக் கையாலேயே மெல்ல இழுத்து உட்கார வைக்கலாம். ஏர் கன்னால் இழுக்கக் கூடாது. இழுக்கப் பயன்படுத்திய நட்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். கடைசியில் டார்ச் அடித்து ஹப்பின் பின்பக்கம் பாருங்கள். ஸ்டட்டின் தலை முழுமையாக ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா? ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலும், ஓடும்போது ஸ்டட் மிச்ச தூரத்தை உள்ளே போகும். நட் அசையாமல் அதே இடத்தில் இருக்க, வீல் மட்டும் தளர்ந்துவிடும். புது ஸ்டட் போட்ட சில நாளிலேயே கடகட சத்தத்தோடு திரும்பி வருகிற வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

நம் ஊருக்கென்று ஒன்று இருக்கிறது. கடற்காற்றின் உப்பு. கடலூர் தேவனாம்பட்டினத்திலும் புதுச்சேரி வைத்திக்குப்பத்திலும் தெருவில் நிற்கிற வண்டிகளின் ஹப் முகத்தில் துரு அடை அடையாக நிற்கும். 2024 ஃபெஞ்சல் புயல் மழையில் தண்ணீரில் நின்ற கார்களைக் கேட்கவே வேண்டாம். அந்தத் துருவின் மேலேயே வீலை வைத்து இறுக்கினால், ஓடும்போது துரு நொறுங்கி அழுத்தம் குறையும். கம்பி பிரஷ்ஷால் ஹப், ஸ்பேசர், வீல் மூன்றின் முகத்தையும் சுத்தம் செய்யுங்கள். துருவுக்குப் பயந்து ஸ்டட் மரையில் கிரீஸ் தடவுவது இங்கே பரவலான பழக்கம். கம்பெனி சொல்லாத வண்டியில் அதைச் செய்யாதீர்கள். வழுக்கும் மரையில் அதே டார்க் (நட்டை இறுக்கும் முறுக்கு விசை) வைத்தாலும் ஸ்டட் தாங்குவதற்கு மேல் இழுபடும்.

டார்க் அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். சிறிய, நடுத்தரக் கார்களில் அது ஏறக்குறைய 85 முதல் 130 நியூட்டன் மீட்டருக்குள் வரும். எதிரெதிராக, டார்க் ரெஞ்சில் இறுக்க வேண்டும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது வேலைக்கு நான் காசு வாங்குவதில்லை. அப்படியும் பாதிப் பேர் வருவதில்லை என்பதுதான் வருத்தம்.

ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள். டிக்கியில் இருப்பது மெல்லிய இரும்பு வீல், பஞ்சர் ஆனால் ஸ்பேசர் இல்லாமல்கூட அதை மாட்டுவீர்கள். மூடி வைத்த நட்டாக இருந்தால், நீள ஸ்டட்டின் நுனி மூடியில் முட்டி நின்றுவிடும். ஸ்பேனர் இறுகிவிட்டதாகச் சொல்லும், வீல் ஹப்பில் ஒட்டியே இருக்காது. அதனால் நீள ஸ்டட் போட்டவர்கள், இரும்பு வீலின் குழிவுக்குப் பொருந்துகிற, இருபுறமும் திறந்த நட் ஒரு செட் வாங்கி ஜாக்கியோடு வைத்துக்கொள்ளுங்கள். பட்டறையை விட்டுக் கிளம்பும் முன்பே அந்த நட்டோடு ஸ்டெப்னியை நான்கு பக்கமும் ஒருமுறை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.