டாரிஃப்: வரியா, சுங்கமா, திறையா?

“மெக்சிகோ மீது 25 சதவீத வரி.” அமெரிக்கா, மெக்சிகோ சண்டையைத் தமிழில் எழுதும்போது பெரும்பாலும் இப்படித்தான் எழுதுகிறோம். வருமானத்தின் மீது வரி என்றால் சம்பாதிப்பவர் கட்டுகிறார். வீட்டின் மீது வரி என்றால் வீட்டுக்காரர் கட்டுகிறார். அப்படியானால் மெக்சிகோ மீது வரி என்றால் மெக்சிகோ கட்டும் என்றுதானே படிப்பவர் நினைப்பார்? நடப்பது அதுவல்ல. எல்லையில் அந்தப் பணத்தைச் செலுத்துபவர், சரக்கை வரவழைக்கும் அமெரிக்க இறக்குமதியாளர். 100 டாலர் சரக்குக்கு 25 டாலர் அவர் பையிலிருந்து அமெரிக்கக் கருவூலத்துக்குப் போகிறது. அப்புறம் அவர் அதை வாடிக்கையாளர் தலையில் கட்டலாம், அல்லது மெக்சிகோ விற்பனையாளரிடம் விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசலாம். அது வேறு கதை.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், எல்லையில் சரக்குக்கு வாங்கும் பணத்தைக் குறிக்கும் ‘டாரிஃப்’ (tariff) என்ற ஆங்கிலச் சொல்லை வெறும் ‘வரி’ ஆக்கியதுதான் என்பது என் எண்ணம்.

டாரிஃப் அரபியிலிருந்து கிளம்பிய சொல். ‘அறிதல்’ என்ற பொருளுடைய வேரிலிருந்து வந்த ‘தஅரீஃப்’ என்பதற்கு ‘அறிவித்தல்’, ‘தெரியப்படுத்தல்’ என்று பொருள். மத்தியதரைக் கடல் வணிகத்தில் அது இத்தாலிய மொழிக்குள் ‘தரிஃபா’வாக நுழைந்தது, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. எந்தச் சரக்குக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று முன்கூட்டியே அறிவிக்கும் பட்டியலுக்குத்தான் முதலில் அந்தப் பெயர். பிறகு பட்டியலின் பெயர் பட்டியலில் உள்ள தொகைக்கே ஆகிவிட்டது. விடுதி அறைக்கும் மின்சாரத்துக்கும் இன்றும் ‘டாரிஃப்’ போடுகிறார்களே, அதில் பழைய பொருள் அப்படியே இருக்கிறது. இந்தியில் புகழ்ச்சிக்குச் சொல்லும் ‘தாரீஃப்’பும் இதே அரபுச் சொல்தான். ஒருவரின் சிறப்பை அறிவித்தால் புகழ்ச்சி, சரக்கின் விகிதத்தை அறிவித்தால் தீர்வை!

ஸ்பெயினின் தென்முனையில் தரீஃபா என்றொரு ஊர் உண்டு. அங்கே கப்பல்களை மறித்துப் பணம் பிடுங்கியதால் இந்தச் சொல் பிறந்தது என்று ஒரு கதை உலவுகிறது. சுவையான கதைதான், ஆனால் பொய். அந்த ஊர் 710ஆம் ஆண்டில் அங்கே வந்திறங்கிய தரீஃப் என்ற படைத்தலைவனின் பெயரால் அமைந்தது.

சரி, தமிழுக்கு வருவோம். நம்மிடம் இருக்கும் பழைய சொல் ‘உல்கு’. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுக அதிகாரிகள் ஓய்வில்லாமல் உல்கு கொள்கிறார்கள், மூட்டைகளில் புலிச் சின்னம் பொறிக்கிறார்கள். பெரும்பாணாற்றுப்படையில் ‘உல்குடைப் பெருவழிக் கவலை காக்கும் வில்லுடை வைப்பு’ என்று ஓர் இடம் வருகிறது. சுங்கம் வாங்கும் பெருவழிகள் கிளை பிரியும் இடத்தை வில்லாளிகள் காவல் காக்கிறார்கள். (கவலை என்றால் இங்கே கவர்த்த வழி, மனக்கவலை இல்லை. இரண்டும் பொருந்தும்போல் இருக்கிறது என்பது வேறு.) காவலும் வணிக வரியும் ஒரே இடத்தில் நிற்கின்றன. அமெரிக்காவில் 2003இல்தான் சுங்கத்தையும் எல்லைக் காவலையும் ஒரே முகமையின்கீழ்க் கொண்டுவந்தார்கள்.

‘சுங்கம்’ வடமொழி ‘சுல்க’ என்பதிலிருந்து வந்தது. பாலியில் ‘சுங்க’ என்ற வடிவம் இருப்பதால், பிராகிருத வழியாகத் தமிழை அடைந்திருக்க வேண்டும். ‘உல்கு’ம் அதே மூலத்தின் வேறொரு திரிபு என்பவர்களும் உண்டு. எப்படியிருந்தாலும் சுங்கம் தமிழில் ஊறிப்போன சொல். முதலாம் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்றே பெயர். ‘தீர்வை’ கட்டித் தீர்ப்பது, நிலத்துக்கும் உண்டு, சரக்குக்கும் உண்டு. இலங்கைத் தமிழில் அது இன்னும் நன்றாகவே புழங்குகிறது.

திருக்குறளில் உல்கு வரும் இடத்தைத்தான் இங்கே முக்கியமாகச் சொல்ல வேண்டும். ‘உறுபொருளும் உல்கு பொருளும்தன் ஒன்னார்த் தெறுபொருளும் வேந்தன் பொருள்’ (756). உரிமையாளர் இல்லாமல் வந்து சேரும் பொருள் ஒன்று, உல்கு ஒன்று, பகைவரை வென்று வாங்கும் திறை ஒன்று. கப்பலிலும் கால்வழியிலும் வரும் பண்டங்களுக்கான இறைதான் உல்கு என்று பரிமேலழகர் விளக்குகிறார். அதாவது உல்கு பண்டத்தின் மீது, திறை பகைவன் மீது.

அமெரிக்க விவாதத்தில் இந்த இரண்டையும்தான் கலந்தார்கள். எல்லைச் சுவருக்கு மெக்சிகோ பணம் கொடுக்கும் என்று 2016 தேர்தலில் டிரம்ப் சொன்னது திறையின் மொழி. 2017 ஜனவரியில் மெக்சிகோ இறக்குமதிகள் மீது 20 சதவீத வரி போட்டு அந்தப் பணத்தை எடுக்கலாம் என்று வெள்ளை மாளிகைச் செய்தித் தொடர்பாளர் சொன்னபோது, திறைக்கு உல்கின் சட்டையை மாட்டினார்கள். அதே நாளில் மெக்சிகோ அதிபர் பேன்யா நியேட்டோ தன் வாஷிங்டன் பயணத்தை ரத்து செய்தார். கடைசியில் சுவருக்கான நிதியை அமெரிக்க நாடாளுமன்றத்திடம்தான் கேட்க வேண்டியிருந்தது. 570 கோடி டாலர் கேட்டு எழுந்த தகராறில், 2018 டிசம்பர் 22 முதல் 35 நாள் அரசின் ஒரு பகுதியே முடங்கியது. கிடைத்தது 137.5 கோடி. 2025 ஜூலையில் வந்த சட்டம் சுவருக்கு 4,650 கோடி டாலர் ஒதுக்கியது, அதுவும் அமெரிக்கக் கருவூலத்திலிருந்துதான்.

2019 மே மாதம் கதை இன்னும் விசித்திரமானது. குடியேறிகளை மெக்சிகோ தடுக்காவிட்டால் அதன் பொருள்கள் மீதான வரி 5 சதவீதத்தில் தொடங்கி அக்டோபருக்குள் 25 சதவீதம் வரை ஏறும் என்று டிரம்பின் மிரட்டல். மெக்சிகோ தன் தேசியக் காவல் படையை அனுப்ப ஒப்புக்கொண்டதும் வரி நிறுத்தி வைக்கப்பட்டது. 2025 பிப்ரவரியிலும் கிட்டத்தட்ட இதே நாடகம்: 25 சதவீத அறிவிப்பு, வடக்கு எல்லைக்கு 10,000 வீரர்களை அனுப்புவதாக மெக்சிகோவின் உறுதி, ஒரு மாதத் தள்ளிவைப்பு. மார்ச்சில் வரி நடைமுறைக்கு வந்த சில நாளிலேயே, அமெரிக்கா, மெக்சிகோ, கனடா ஆகிய மூன்று நாட்டு வணிக ஒப்பந்த விதிகளுக்குள் வரும் சரக்குகளுக்கு விலக்கு. அறிவிப்பதே வேலையை முடித்துவிடுகிறது என்றால், அரபுப் பொருளுக்கே திரும்பிவிட்டோம் போலிருக்கிறது.

அப்படியானால் எதை எழுதுவது? எல்லையில் வாங்குவதற்குச் ‘சுங்கவரி’ போதும். இறக்குமதிக்கு மட்டும் என்று காட்ட வேண்டுமானால் ‘இறக்குமதித் தீர்வை’. உல்கு எனக்குப் பிடித்த சொல், ஆனால் செய்தியில் போட்டால் அடிக்குறிப்பும் போட வேண்டியிருக்கும். விடுதி, மின்சாரம், தொலைபேசி எல்லாவற்றுக்கும் ‘கட்டணப் பட்டியல்’ அல்லது வெறும் ‘கட்டணம்’. ‘சுங்கச்சாவடி’ சாலைக் கட்டணத்துக்குப் போய்விட்டதால் எல்லை நிலையத்தைச் ‘சுங்கச் சோதனைச் சாவடி’ என்று பிரித்துக் காட்டுவது நல்லது. தலைப்பை மட்டும், கொஞ்சம் நீண்டாலும் பரவாயில்லை, ‘மெக்சிகோ பொருள்கள் மீது 25 சதவீதச் சுங்கவரி’ என்று எழுதுங்கள்.